வெள்ளிக்கிழமை கழுவாத தொட்டி

கொட்டகலை
சனிக்கிழமை மாலை

மகன் மதுரனுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் மழைக்கும் குளிருக்கும் ஈடுகொடுத்துக்கொண்டு சுகமாக இருக்கிறோம், அங்கே கட்டார் வெயில் உன்னை வாட்டாமல் பார்த்துக்கொள்ளும்படி தோட்டத்து மாரியம்மனிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

இந்தக் காலத்தில் கடிதமா என்று நீ சிரிப்பாய். போனில் நான் ஒரு விஷயத்தைத் தொடங்கினால் பாதியில் நீ சரிப்பா சரிப்பா என்கிறாய், அல்லது லைன் போய்விடுகிறது. காகிதத்தில் எழுதினால் யாரும் குறுக்கே பேச முடியாது. ஹட்டனில் தொட்டி மீன் கடை வைத்திருக்கும் ரிஸ்வியின் தம்பி ஃபாஸில் செவ்வாய்க்கிழமை தோஹாவுக்கு வருகிறான், அவன் கையில் இது வரும். கிட்டத்தட்ட மூன்று வாரத்துக்கு முன்னால் நீ போனில் ஒரு வார்த்தை கேட்டாய், "அப்பா, ஒங்களுக்கு எதையும் அப்படியே விட்டு வைக்கத் தெரியாதா" என்று. முப்பத்தொரு வருஷம் தேயிலை பெக்டரியில் வேலை செய்தேன், எத்தனையோ துரைமாரைப் பார்த்தேன், ஒருவரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. பெற்ற பிள்ளை கேட்டாய். நீ கேட்டுவிட்டுப் போனை வைத்துவிட்டாய், நான்தான் அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு இருக்கிறேன். ஆகவே நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன், படித்துவிட்டு யார் பிழை என்று நீயே சொல்.

போன முறை லீவில் வந்தபோது மருமகள் பிரியந்திக்கு அந்தக் கண்ணாடித் தொட்டியை வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனாய். பதினொரு மீன். அவள் பாலர் பாடசாலையில் படிப்பித்துவிட்டு வந்து சாயங்காலம் வீடியோவில் உனக்குத் தொட்டியைக் காட்டுவாள், அந்த நீல வால் எங்கே, கறுப்பு மொலி எங்கே என்று நீ ஒவ்வொன்றாகக் கேட்பாய். நானும் கதிரையில் இருந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தேன், ஒரு நாளும் குறை சொன்னதில்லை. ஆனால் தொட்டி இருப்பது முன்னறையில், சாமிப் படங்களுக்கு நேர் கீழே. ஆடி முதல் வெள்ளி வந்தது. அம்மா விளக்கைப் புளி போட்டுத் துலக்குகிறாள், நான் மஞ்சள் தண்ணீர் ஊற்றி வாசற்படியிலிருந்து அடுப்படி வரை கழுவுகிறேன், நடுவில் இந்தத் தொட்டி மட்டும் கண்ணாடியில் பச்சை படிந்து, கல்லுக்குள் மீனின் கழிவோடு, மூலையில் காற்றுக் குழாய் செருகிய ஒரு கறுப்பு ஸ்பொஞ்சோடு நிற்கிறது. அந்த ஸ்பொஞ்சைத்தான் ஃபில்டர் என்கிறார்கள். பிழிந்தால் சேறு. சாமிக்குக் கீழே சேற்றை வைத்துக்கொண்டு விளக்கேற்றவா?

என் தொழில் உனக்குத் தெரியும். உருட்டிய கொழுந்தைப் பரப்பி வைக்கிற அறை என் பொறுப்பு. அங்கே வேலை முடிந்ததும் தரை, தட்டு, சுவர் எல்லாம் தேய்த்துக் கழுவ வேண்டும், பழைய கொழுந்தில் ஒரு துணுக்கு மூலையில் ஒட்டியிருந்தாலும் கிருமி வந்து அடுத்த நாள் தூள் புளித்துவிடும். டீமேக்கர் ஐயா விரலால் சுவரைத் தடவிப் பார்ப்பார், என் அறையில் அந்த விரல் எப்போதும் வெள்ளையாகத்தான் திரும்பியது. அதே கையால்தான் தொட்டியையும் கழுவினேன். மீன்களை வாளியில் விட்டுத் தண்ணீர் முழுவதையும் கொட்டினேன், கண்ணாடியையும் கல்லையும் தேய்த்தேன், ஸ்பொஞ்சைக் குழாயடியில் தெளிந்த தண்ணீர் வரும் வரை பிழிந்தேன். சவர்க்காரம் தொடவில்லை, அந்த அளவு புத்தி எனக்கு உண்டு. புதுத் தண்ணீர் ஊற்றியதும் தொட்டி கடையில் வாங்கியது போல் மின்னியது. ஞாயிற்றுக்கிழமை இரண்டு மீன் மிதந்தது. கழுவியது போதவில்லை என்று நினைத்தேன், யாராக இருந்தாலும் அப்படித்தானே நினைப்பார்கள். இரண்டாவது வெள்ளி கல்லையும் ஸ்பொஞ்சையும் கொதிநீரில் போட்டு எடுத்தேன். நான்கு போனது. மூன்றாவது வெள்ளி இரண்டு தரம் கொதிக்க வைத்தேன். மூன்று போனது. மிஞ்சியது கறுப்பு மொலியும், கண்ணாடியில் வாயை ஒட்டிக்கொண்டு கிடக்கும் சக்கர் மீனும்தான். அந்தத் திங்கட்கிழமை பிரியந்தி பாடசாலை விடுமுறை என்று பையை எடுத்துக்கொண்டு மஸ்கெலியாவில் அவள் அம்மா வீட்டுக்குப் போனாள். நாலு நாளில் வருவதாக உன் அம்மாவிடம் சொன்னாள். இன்றோடு இருபது நாள்.

அவள் போன அடுத்த நாள் உன் அம்மா சோற்றைத் தட்டில் போட்டுவிட்டு, "மீன் போனா ஹட்டன்ல வாங்கலாம், மருமக போனா எந்தக் கடையில வாங்குவீங்க" என்றாள். நான் சாப்பிட்டு முடித்துக் கை கழுவிவிட்டுத்தான் பதில் சொன்னேன், முதலில் மீனை வாங்குவோம் என்று. செத்தது போலவே ஒன்பது மீன் வாங்கி விட்டுவிட்டால் பேச்சு முடிந்தது என்பது என் எண்ணம். ஒரு போத்தலில் தொட்டித் தண்ணீரையும் எடுத்துக்கொண்டு போனேன், தண்ணீர் சுத்தம்தான் என்று ரிஸ்விக்குக் காட்டி, நோய் மீனை விற்றாய் என்று இரண்டு வார்த்தை கேட்பதற்காக. அவன் போத்தலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து நல்ல தண்ணீர் என்றான். குளோரின் போட்ட தண்ணீரா என்று கேட்டான், நமக்கு மலை ஊற்று, மருந்து கிடையாது என்றேன். தொட்டிக்குச் சூடு போடும் ஹீட்டர் எரிகிறதா என்றான், எரிகிறது, இருபத்தைந்து காட்டுகிறது என்றேன். பிறகு ஒரு கண்ணாடிக் குழாயில் தண்ணீரை ஊற்றி இரண்டு சொட்டு மருந்து விட்டான், தெளிந்த தண்ணீர் கரும்பச்சையாகிவிட்டது. மஞ்சளாக நின்றிருக்க வேண்டுமாம். வாராவாரம் என்ன செய்தீர்கள் என்று கேட்டான், நானும் பெருமையாகத்தான் சொன்னேன். அவன் கடையில் நின்ற எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னது இது: "ஐயா, மீனு தின்னுது, கழிக்குது, அதுல அமோனியா வருது, கண்ணுக்குத் தெரியாத நஞ்சு அது. அதத் தின்றதுக்கு ஒரு கிருமி ஈக்கிது, அந்த ஸ்பொஞ்சிலயும் கல்லுலயும்தான் குடியிருப்பு. நீங்க வெள்ளிக்கு வெள்ளி அதுங்கட குடும்பத்தையே அவிச்சுட்டு வந்தீக்கிறீங்க."

மதுரன், எனக்கு இன்னும் இது புரியவில்லை, வெட்கமில்லாமல் எழுதுகிறேன். கிருமியை ஒழித்தால் தூள் நன்றாக இருக்கும் என்று முப்பத்தொரு வருஷம் சம்பளம் வாங்கினேன், கிருமியை ஒழித்தால் மீன் சாகும் என்று இப்போது சொல்கிறார்கள். இரண்டும் ஒரே மலையில் ஒரே தண்ணீரில் எப்படி உண்மையாகும்? ரிஸ்வி மறுபடியும் சொன்னான், ஒரு கிருமி அமோனியாவைத் தின்று நைட்ரைட் ஆக்குமாம், அதுவும் நஞ்சுதான். இன்னொரு கிருமி அந்த நைட்ரைட்டைத் தின்று நைட்ரேட் ஆக்குமாம், அதை மீன் ஓரளவு தாங்கும், தாங்காததை நாம் கால்வாசித் தண்ணீர் மாற்றி எடுக்க வேண்டும். பெயர் இரண்டுக்கும் ஓர் எழுத்துத்தான் வித்தியாசம், ஒன்று கொல்லும், ஒன்று கொல்லாது, இப்படியா பெயர் வைப்பார்கள். ஸ்பொஞ்சைக் கழுவவே கூடாதா என்றால் கழுவலாமாம், ஆனால் தொட்டியிலிருந்து எடுத்த அழுக்குத் தண்ணீரிலேயே லேசாகப் பிழிய வேண்டுமாம். அழுக்கை அழுக்கில் கழுவுவது. பிரியந்தி ஆறு மாதமாக அப்படித்தான் செய்துகொண்டிருந்தாள், நான் பார்த்திருக்கிறேன், சோம்பல் என்று நினைத்தேன்.

மீன் கேட்டேன், ரிஸ்வி தர மறுத்துவிட்டான். கிருமி மறுபடி குடியேறும் வரை எந்த மீனை விட்டாலும் சாகும், குறைந்தது ஒரு மாதம் பொறுக்க வேண்டும் என்றான். காசு தருகிறேன் என்றாலும் விற்காத கடைக்காரனை நான் இப்போதுதான் பார்க்கிறேன். அதற்குப் பதிலாக அவன் கடைத் தொட்டியில் நின்ற ஒரு பழைய ஸ்பொஞ்சை, கறுத்துக் கொழகொழவென்று இருந்ததை, தண்ணீரோடு பையில் கட்டிக் கொடுத்தான், இதில் கோடிக் கணக்கில் கிருமி இருக்கிறது, காயவிட்டால் செத்துவிடும், நேரே வீட்டுக்குப் போங்கள் என்றான். சோதித்துப் பார்க்கும் சொட்டு மருந்தும் குழாய்களும் நிறத்தை ஒப்பிடும் தாளும் கொடுத்தான். நான் அந்தச் சேற்றுப் பையை மடியில் வைத்துக்கொண்டு, அபிஷேகப் பால் போல இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தேன். பஸ் நிலையத்தில் மஸ்கெலியா பஸ் புறப்பட நின்றது. அதன் படிக்கட்டருகே கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு கொட்டகலை பஸ்ஸில் ஏறிவிட்டேன். ஸ்பொஞ்ச் காய்ந்துவிடும் என்பதுதான் காரணம், வேறொன்றும் இல்லை.

வந்ததும் ஸ்பொஞ்சைத் தொட்டியில் போட்டேன், அன்று முதல் தினமும் காலையில் சோதிக்கிறேன். தேயிலைச் சாயத்தில் பச்சை அடித்தால் பதம் வரவில்லை என்று அர்த்தம், இந்தக் குழாயில் பச்சை என்றால் நஞ்சு, என் கண் பழைய பழக்கத்தில் ஒன்றைச் சொல்கிறது, தாள் இன்னொன்றைச் சொல்கிறது. அமோனியா பத்து நாளில் மஞ்சளுக்கு வந்தது. அது இறங்க இறங்க நைட்ரைட் குழாய் வயலட் ஆனது, ஒன்று சரியானால் இன்னொன்று கெடுவது என்ன வைத்தியம் என்று ரிஸ்விக்குப் போன் எடுத்துச் சத்தம் போட்டேன், அவன் சிரித்துவிட்டு அப்படித்தான் ஐயா வரணும், தீனியக் கொறைங்க என்றான். ஒரு நாள் விட்டு ஒரு நாள் கால்வாசித் தண்ணீர் மாற்றுகிறேன், புதுத் தண்ணீரின் குளிர் போகக் கொஞ்சம் சுடுதண்ணீர் கலந்து. குழாயின் நிறத்தைத் தினமும் போனில் படம் எடுத்து வை என்று உன் அம்மாவிடம் சொல்லியிருந்தேன், முதல் நாள் நிறத்தோடு ஒப்பிடத்தான். அவள் அத்தனையையும் எனக்குச் சொல்லாமல் பிரியந்திக்கு அனுப்பியிருக்கிறாள். பதினைந்து நாள் பதிலே இல்லை. முந்தாநாள் பதில் வந்தது, அம்மா வாசித்துக் காட்டினாள்: "நைட்ரைட் இன்னும் இருக்கு மாமா, புது மீன் போட வேணாம், நான் வந்து பாக்குறேன்." இதற்கு என்ன அர்த்தம்? இந்த வாரம் வருவாளா, தீபாவளிக்கு வருவாளா, பேச்சுக்குச் சொன்னாளா? உன் அம்மாவிடம் கேட்டேன். அத அவகிட்டக் கேக்கணும், கண்ணாடிக் குழாய்கிட்ட இல்ல என்றாள்.

ஒன்றை நான் மேலே எழுதவில்லை. எழுதாமல் முடித்துவிடலாம் என்றுதான் தொடங்கினேன். அந்தத் திங்கட்கிழமை பிரியந்தி வலையில் மூன்று மீனையும் அள்ளி வைத்துக்கொண்டு, மாமா, ஸ்பொஞ்ச கழுவாதீங்கன்னு ரெண்டு தரம் சொன்னேனே என்றாள். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. பக்கத்து வீட்டுச் சண்முகவடிவு மாவு சல்லடை கேட்டு வந்து வாசலில் நிற்கிறாள். அவளுக்கு முன்னால் நான், "ஒங்கம்மா வீட்டுல வெள்ளிக்கிழம வீடு கழுவுற பழக்கம் இல்லன்னா அதுக்கு நானா பொறுப்பு" என்று கேட்டேன். பிரியந்தி மீனை ரோஜாச் செடிக்கு அடியில் புதைத்துவிட்டு, கை கழுவி, பையை எடுத்தாள். நீ போனில் என்னிடம் மீனைப் பற்றி மட்டும்தான் கேட்டாய். அப்படியென்றால் அவள் இதை உன்னிடம் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று இருபது நாளாக யோசிக்கிறேன், அமோனியாகூட இதைவிட எளிதாக இருக்கிறது.

நேற்று வெள்ளிக்கிழமை. வீட்டைக் கழுவினேன், வாசற்படிக்கு மஞ்சள் பூசினேன், தொட்டியைத் தொடவில்லை. கண்ணாடியில் பச்சை மறுபடியும் வந்துவிட்டது, சக்கர் அதை நக்கிக்கொண்டு திரிகிறது. சாமிக்கு நேர் கீழே அப்படியே நிற்கிறது, பார்க்கவே முடியவில்லை, ஆனாலும் விட்டு வைத்திருக்கிறேன். நீ கேட்டதற்குப் பதில் அதுதான். இன்று காலை நைட்ரைட் குழாய் வானத்து நீலத்துக்கு வந்துவிட்டது, மூன்று தரம் பார்த்தேன், உன் அம்மாவையும் பார்க்கச் சொன்னேன். திங்கட்கிழமை பாலர் பாடசாலை தொடங்குகிறது. நாளைக் காலை முதல் பஸ்ஸில் ஹட்டன் போய் இந்தக் கடிதத்தை ரிஸ்வி கடையில் கொடுத்துவிட்டு, மஸ்கெலியா பஸ்ஸில் ஏறப்போகிறேன். மடியில் ஸ்பொஞ்ச் இல்லை, திரும்பி வர ஒரு சாட்டும் இல்லை. சம்பந்தி வீட்டில் என்ன சொல்வது என்று தெரியவில்லை. அந்த அம்மாள் தேத்தண்ணீர் தருவார்கள், குடிப்பேன். வீடு சுத்தமாக இருக்கிறது என்று சொல்வேன். அதற்கு மேல் வாயில் வந்தால் வரட்டும்.

முதுகுக்குப் பூசும் எண்ணெயை அம்மா ஃபாஸிலிடம் கொடுத்தனுப்புகிறாள், போத்தலை ஜன்னலில் வைத்து அழகு பார்க்காமல் பூசு. வேலைத் தளத்தில் வெயில் நேரம் தண்ணீர் குடி. நோய்நொடி அண்டாமல், மனக்குறை இல்லாமல், நீயும் உன் குடும்பமும் ஒரே கூரையின் கீழ் வாழும் நாள் சீக்கிரம் வர என் ஆசீர்வாதம். இந்தக் கடிதம் உன் கைக்கு வருமுன்பே, வீடியோவில் உனக்குத் தொட்டியைக் காட்டியது யார் என்று பார்த்திருப்பாய். அது நானாக இருந்தால் ஒன்றும் கேட்காதே, கறுப்பு மொலி எங்கே என்று மட்டும் கேள், காட்டுகிறேன்.

இப்படிக்கு
உன் அப்பா
க. சின்னத்தம்பி