தலைக்கு இரண்டு பிடி

திரேஸ்புரம், தூத்துக்குடி
விய வருஷம், தை மாதம்

கொழும்பு வெங்காய மண்டியில் கணக்கு எழுதும் சங்கரலிங்கத்துக்கு,

தாய்மாமன் ஆவுடையப்பன் எழுதிக்கொள்வது. கடிதம் என்றால் ஆசீர்வாதத்தில் ஆரம்பிக்க வேண்டும். என்னிடம் மிச்சமிருப்பது ஒரே ஒரு ஆசீர்வாதம்தான். அதைக் கடைசிக்கு வைத்திருக்கிறேன். நடுவில் வருவதையெல்லாம் வாசித்துவிட்டு எழுந்து உட்காரத் தெம்பிருந்தால் எடுத்துக்கொள். இங்கே நான் சுகமில்லை. அங்கே நீ பரம சுகமாய் இருப்பதாகக் கேள்வி. எனக்கு வியாதியே அதுதான்.

நீ எனக்கு இரட்டை மருமகன். அக்காள் பெற்ற பிள்ளை என்பதால் ஒரு மருமகன், என் மகள் பகவதியைக் கட்டியவன் என்பதால் இன்னொரு மருமகன். ஆகையால் உன்னைத் திட்டுவதற்கு எனக்கு இரட்டைப் பாத்தியதை உண்டு. ஊரில் வேறு யாருக்கும் கிடைக்காத இந்தப் பாக்கியத்தை நான் வீணாக்கப் போவதில்லை.

நீ கப்பலேறி மூன்று வருஷம். முதலில் மாதம் ஒரு கடிதம் வந்தது. பிறகு தீபாவளிக்கு ஒன்று. பிறகு அதுவும் இல்லை. நான் உனக்கு எழுதிய கடிதங்களைக் கடலில் வரிசையாகப் போட்டிருந்தால் வேட்டி நுனி நனையாமல் அதன் மேலேயே நடந்து கொழும்பு வந்திருப்பேன். அவ்வளவுக்கும் பதில் இல்லாததால், ஜப்பான்காரன் போட்டுவிட்டுப் போன குண்டு ஏதாவது தாமதமாக வெடித்து உன் வலது கையை மட்டும் கொண்டுபோய்விட்டது என்று ஊரில் சொல்லி வைத்திருந்தேன்.

அப்போதுதான் ஏரல் சந்தையில் காயல்பட்டினத்து மரைக்காயர் ஒருவரைப் பார்த்தேன். ரத்தினக் கல் வியாபாரத்துக்காகக் கொழும்பு போய் வந்தவர். நல்ல மனுஷர், நல்லதாகவே சொன்னார். “ஒங்க மருமகன் அல்லா காவல்ல நல்லா இருக்காரு அண்ணாச்சி. கன்னம் ரெண்டும் பன்னு மாதிரி உப்பியிருக்கு. மத்தியானம் ஆனா வீட்டுக்குப் போயிச் சாப்பிட்டுட்டுத்தான் வாராரு” என்றார். வீட்டுக்கு! மண்டியில் மூட்டைகளுக்கு நடுவே படுத்துக் கிடப்பதாக எழுதிய பயலுக்கு எந்த வீடு? அந்த ஒரு சொல்லை நான் ஊருக்குள் கொண்டு வரவில்லை. சந்தையிலேயே விழுங்கிவிட்டு வந்தேன். இன்னும் செரிக்கவில்லை. பகவதியிடம் திருச்செந்தூருக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு, அக்காளைத் துணைக்கு வைத்துவிட்டுத் தூத்துக்குடிக்கு வந்து சேர்ந்தேன், நேரில் வந்து உன் வீட்டைப் பார்ப்பதற்கு.

கப்பலாபீசில் இருந்த குமாஸ்தா, “அங்கே உம்மை அழைக்கிறவர் கடிதம் எங்கே?” என்றான். என்னை அழைக்க வேண்டியவன் நீ. நான் உறுமிய உறுமலில் துறைமுகத்தில் நங்கூரம் போட்டிருந்த கப்பல் ஒன்று சங்கு ஊதிவிட்டது. குமாஸ்தா மட்டும் அசையவில்லை.

கடைசியில் சந்தியாக்கு என்று ஒரு தோணித் தண்டல் அகப்பட்டான். தோணிக்கு அவன்தான் தலைவன். வெங்காயமும் கூரை ஓடும் ஏற்றிக்கொண்டு கொழும்புக்குப் போகிறவன். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “ஆளா ஏத்த முடியாது வேய். பண்டாரியா ஏத்தலாம்” என்றான். பண்டாரி என்றால் தோணியில் சமையல்காரன். இருந்த பண்டாரி கல்யாணம் முடித்துக்கொண்டு கரையிலேயே தங்கிவிட்டானாம். பெண்டாட்டியோடு தங்குகிற ஆண்பிள்ளையும் உலகத்தில் இருக்கிறான், கேட்டுக்கொள்.

ஏலே, உன் மாமன் இந்த வயது வரை அடுப்பைப் பார்த்தது சுருட்டுப் பற்றவைக்க மட்டும்தான். நம் குடும்பத்தில் மீனை ஆற்றில் குளிக்கும்போது பார்த்ததோடு சரி. அப்படிப்பட்ட சைவக் கொழுந்து, தாமிரபரணிக் கரைச் சக்கரவர்த்தி, எட்டு மாலுமிகளுக்கு மீன்குழம்பு வைக்கப் படிக்கிறேன். சொல்லிக்கொடுப்பவள் தண்டலின் தமக்கை கிருபை. அவள் பெயரில் இருப்பது அவளிடம் இல்லை.

முதல் நாள் நான் செய்த தப்பு, “ஏளா கிருபை” என்று கூப்பிட்டது. நம் தெருவில் கூப்பிடுகிற பழக்கம். கையிலிருந்த அகப்பையை அவள் உயர்த்திய உயரத்துக்குக் கலங்கரை விளக்கத்தின் கண்ணாடியே நடுங்கியிருக்கும். “ஏளாவா? ஒம்ம வீட்டுல கூப்பிடும் அப்பிடி. இங்கன நான் கிருபையம்மா. மீன் கூடைய ஒங்க தெருவுல எறக்கினதுக்கு, நின்ன எடத்துல மஞ்சத் தண்ணி தெளிச்சு என்னைத் தொரத்தினிய. இப்ப எங் குசினிக்குள்ள குத்தவச்சு இருக்கீரு. இரும். செதில் எடும்” என்றாள். குசினி என்றால் இவர்கள் பாஷையில் சமையலறை. அவளுக்கு என்மேல் விரோதம், எனக்கு அவள்மேல் விரோதம், நடுவில் ஒரு கூடை சாளை மீன். அந்த மீன்களுக்கும் என்மேல் விரோதம்தான். செத்த பிறகும் கையை விட்டு வழுக்கி வழுக்கி ஓடின.

அம்மியில் மிளகாய் அரைத்தேன். கையை மறந்து கண்ணில் வைத்தேன். நான் போட்ட கூப்பாட்டில் மாப்பிள்ளையூரணி வரைக்கும் மாடுகள் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடின. கிருபை திரும்பிக்கூடப் பார்க்காமல், “நல்லா அரைக்கல. எரிச்சல் பத்தாது” என்றாள். முதல் நாள் நான் வைத்த குழம்பை அவள் வீட்டுப் பூனை முகர்ந்து பார்த்துவிட்டு வீட்டை விட்டே போயிற்று. மூன்று தெரு தள்ளிப் போய்க் குடியிருக்கிறதாம். அதற்கும் என்னையே குற்றம் சொல்லுகிறாள். அவள் வைக்கிற குழம்பு மட்டும் என்ன தேவாமிர்தமா? புளியை அள்ளிக் கொட்டுகிறாள், சட்டியே பல் கூசிக் கொள்கிறது. அதை முகத்துக்கு நேரே சொன்னேன். “தின்னு பாக்காத வாயிக்கு ருசி என்னவே தெரியும்?” என்றாள்.

அங்கேதான் என்னை மடக்கினாள். உப்புப் பார்க்காத பண்டாரியை எந்தத் தோணியிலும் ஏற்ற மாட்டார்களாம். மோந்து பார்த்துச் சொல்கிறேன் என்றேன். ஆவியைப் பார்த்துச் சொல்கிறேன் என்றேன். ஜாதகம் பார்த்துச் சொல்கிறேன் என்றுகூடச் சொன்னேன். “நாக்குல வையும். இல்லன்னா எந்திரிச்சு ஊருக்குப் போம்” என்றாள். அகப்பை என் மூக்குக்கு முன்னால் நின்றது. உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டாள்.

நக்கினேன்.

உப்பு குறைவு என்று சொன்னேன். அவள் உப்பைப் போட்டாள். சங்கரலிங்கம், ஏழு தலைமுறையாக நம் வீட்டில் ஒருவர் நாக்கிலும் படாதது அந்தச் சொட்டு. அது உன் பேரில்தான் என் நாக்கில் விழுந்தது. உன் தாயாருக்கு இது தெரிய வேண்டாம். தெரிந்தால் என்னைத் தாமிரபரணியில் முக்கி எடுக்க மாட்டாள், முக்கியபடியே விட்டுவிடுவாள்.

இனி எழுதப் போவதைச் சிரிக்காமல் வாசி. நானும் சிரிக்காமல் எழுதுகிறேன், வழக்கமில்லாததால் கை இழுக்கிறது.

மீன் முடிந்து சோற்றுக்கு வந்தோம். “தலைக்கு ரெண்டு பிடி. எண்ணிப் போடும். மிஞ்சினா சோத்தக் கடல்ல கொட்டணும். கொறஞ்சா ஒம்மக் கடல்ல கொட்டுவானுவ” என்றாள் கிருபை. சும்மா இருக்க மாட்டாமல் நான் என் பெருமையை எடுத்து விட்டேன். எங்கள் வீட்டில் தலை இரண்டு, நானும் என் மகளும். ஆனால் உலையில் விழுவது ஆறு பிடி. என் மகள் தின்கிற தீனிக்கு ஒரு பாசனமே பற்றாது, சர்க்கார் நெல்லை அளந்து எடுத்துக்கொண்டு போகிற இந்தக் காலத்திலும் அவள் கை சுருங்கவில்லை, யானை கட்டிச் சோறு போடுகிற வம்சம் நாங்கள் என்றெல்லாம் அளந்தேன்.

அவள் மீனை அறுத்துக்கொண்டே, “அம்புட்டையும் ராத்திரியே திங்காளா?” என்று கேட்டாள்.

இல்லை, தன் பங்கை மட்டும் சாப்பிடுவாள், மிச்சத்தை மூடி வைப்பாள், தெரு அடங்கிக் கதவைச் சாத்திய பிறகு அதில் தண்ணீர் ஊற்றுவாள், காலையில் அந்தப் பழையதுதான் அவளுக்கு ஆகாரம், தோசை வார்த்தாலும் தொட மாட்டாள், ‘பழையதுப் பைத்தியம்’ என்றே நான் பெயர் வைத்திருக்கிறேன் என்றேன்.

கிருபை கத்தியைக் கீழே வைத்தாள். “அது தீனி இல்ல வேய். சுடுசோத்த மூடி வச்சுக் கதவு சாத்துற வரைக்கும் காத்துக் கெடக்கான்னா, அவ இன்னொரு தலைக்கு ஒல வைக்கா. அந்தத் தலை எங்க?” என்றாள்.

எதற்கும் ஒரு பதில் வைத்திருப்பவன் உன் மாமன். உனக்கே தெரியும். அன்றைக்கோ அரிசியைக் களைந்தேன். களைந்த அரிசியையே மறுபடி களைந்தேன். கடைசியில் அவளே சட்டியைப் பிடுங்கிக்கொண்டு, “அரிசி கரைஞ்சு போவும், விடும்” என்றாள்.

மூன்று வருஷமாக உன் பங்குச் சோற்றை என் மகள் வடித்து, மூடி வைத்து, கதவைச் சாத்தி, தண்ணீர் ஊற்றி, மறுநாள் தானே குடித்துக்கொண்டிருக்கிறாள். என் கண்ணுக்கு முன்னால். ஒரு நாள்கூட ஒரு சொல் பேசவில்லை. நான் இங்கே உட்கார்ந்து இதை எழுதுகிற இன்றைக்கும் உனக்கு உலை வைத்திருப்பாள்.

இன்னொன்றும் இங்கே படித்தேன். ஆண்பிள்ளை தன் கையால் பொங்கித் தின்று சதை போட முடியாது. என்னையே பார். நான் பொங்கியதை நானே தின்றதில் என் அரைஞாண் கயிறு முழங்காலில் வந்து நிற்கிறது. காற்றடித்தால் தூணைப் பிடித்துக்கொள்கிறேன். உன் கன்னம் பன்னு மாதிரி உப்பியிருக்கிறது என்றால், அங்கே ஒரு கை உனக்கு அரிசி அளந்து போடுகிறது. நான் அதற்கு மேல் எழுதவில்லை.

நேற்றுப் பரீட்சை நடந்தது. தோணி மேல்தளத்தில், மணல் நிரப்பிய பெட்டியில் அடுப்பு மூட்டி, எட்டுப் பேருக்குச் சோறும் சாளைக் குழம்பும் வைத்தேன். நங்கூரம் போட்ட தோணிதான், ஆனாலும் அது ஆடிய ஆட்டத்தில் வானத்தில் இருந்த சூரியன் இரண்டு தடவை என் சட்டிக்குள் விழுந்து எழுந்தது. எட்டுப் பேரும் தின்றார்கள். தண்டல் விரலை நக்கிவிட்டு, “சாவ மாட்டோம்லே. பண்டாரிய ஏத்துங்க” என்றான். இதைவிடப் பெரிய பட்டம் எந்த மகாராஜாவுக்கும் கிடைத்ததில்லை. கிருபை கரையிலிருந்தே, “ஓய்! கொழும்புல அந்தத் தலையப் பாத்தா மொதல்ல நாலு சாத்து சாத்தும். பெறவு சோறு போடும்!” என்று கத்தினாள். நாங்கள் இருவரும் ஒத்துப் போனது அந்த ஒரு விஷயத்தில்தான்.

காற்று வாகானதும் பாய் விரிப்போம். இந்தக் கடிதம் கப்பலில் எனக்கு முன்னால் வரும். ஓடிவிடலாம் என்று பார்க்காதே. கண்டிமலை உச்சியில் போய் உட்கார்ந்தாலும் மீன் நாற்றம் உன்னைத் தேடி வரும். அதற்குப் பின்னாலேயே நான் வருவேன்.

வந்து உன்னை அடிக்கப் போவதில்லை. கிருபைக்கு வாக்குக் கொடுத்தும் அடிக்கப் போவதில்லை. உன் வீட்டுக்கு வருவேன். அடுப்படியில் யார் இருந்தாலும் கேட்டு வாங்கி என் கையால் ஒருவேளை உலை வைப்பேன். எத்தனை தலைக்கு என்று மட்டும் நீ சொல்ல வேண்டும். எண்ணிப் போட எனக்கு இப்போது தெரியும்.

அதைச் சொல்ல உனக்கு வெட்கமாக இருந்தால், அடுத்த கப்பலில் ஏறி ஊருக்குப் போய்விடு. நான் வந்து பூட்டிய கதவைப் பார்த்துவிட்டுச் சந்தோஷமாகத் திரும்பி வருகிறேன். எட்டுப் பேருக்கு இன்னொரு தடவை மீன் பொங்குவதும் எனக்குப் பெரிதில்லை. நீ போய்ச் சேர்கிற நேரம் எந்நேரமானாலும் வீட்டில் உனக்குச் சோறு இருக்கும். ஆறியிருக்கும், அவ்வளவுதான்.

அதுவும் முடியாது என்றால், பகவதிக்கு உன் கையால் ஒரே ஒரு வரி எழுது. ‘எனக்கு உலை வைக்காதே’ என்று எழுது. அதை அவளிடம் நான் போய்ச் சொல்ல முடியாது, ஐயா. உலகத்தில் உள்ள பொய்யெல்லாம் சொல்லுகிற இந்த நாக்குக்கு அந்த ஒரு மெய் வராது.

ஆசீர்வாதத்தைக் கடைசிக்கு வைத்திருப்பதாகச் சொன்னேன் அல்லவா? இந்தா. எங்கே இருந்தாலும், யார் கையால் ஆனாலும், வேளைக்குச் சாப்பிடு. நீ பட்டினி கிடக்கிறாய் என்று கேட்டால் அவள் தாங்க மாட்டாள்.

இப்படிக்கு,
உன் தாய்மாமனும் மாமனாரும்
தோணிப் பண்டாரியும் ஆகிய
ஆவுடையப்பன்