ஆம்பூரில் இல்லாத தவளை

பொன்மலருக்கு,

தாமதத்துக்காக முதலில் என்னைத் திட்டிவிட்டு அப்புறம் படி. மூன்று வாரமாகத் தூபாவுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டு வந்தது. பல் முளைக்கிறதாம். டாக்டரம்மா பயமில்லை என்கிறார். நான்தான் அவள் மூக்கருகே விரல் வைத்துப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.

அழியும் உயிரினங்களைப் பட்டியலிடும் குழுவினர், நம் மரத்தவளை எங்கெல்லாம் இருக்கிறது என்று கேட்டதற்கு, "ஆலங்காயம் மலை, ஆம்பூர், இரண்டு இடத்திலும் பார்த்தோம் என்று எழுதிவிடு, கதை முடிந்தது" என்றாய். எழுதத்தான் உட்கார்ந்தேன். எதற்கும் ஒருமுறை பார்த்துவிடலாமென்று தூபாவை இடுப்பில் வைத்துக்கொண்டு ஆம்பூரில் நாம் அதைப் பார்த்த அந்தத் தோல் பதனிடும் ஷாப்புக்குப் போனேன். இப்போது அங்கே ஸ்டோரைப் பார்த்துக்கொள்பவர் என் வீட்டுக்காரரின் சித்தப்பா, ஹயாத் பாஷா சாச்சா.

நம் மரத்தவளையின் படத்தைக் காட்டியதும் சிரித்துவிட்டார். "இதுவா? இது இங்க எங்கம்மா பொறக்குது! ஆலங்காயத்துல, தோல் பதனிடப் போடுற கடுக்காய் மூட்டைய ஓடை ஓரமா அடுக்குறாங்க. ஈரத்துக்கு உள்ள பூந்துக்கிட்டு, லாரியில டிக்கெட் இல்லாம வந்துடுது. தோல் ஊறுற தொட்டிப் பக்கம் நாலு நாள் தாங்குனா ஜாஸ்தி" என்றார்.

மூட்டை இறக்கும் கோடவுனுக்குள் ஆண்கள் வேலை செய்கிறார்கள், பொம்பளைப் பிள்ளைகள் போகக் கூடாது என்று, ஆய்வுக்குப் போன அன்று நாம் தொட்டியோரமே நின்றுவிட்டோம். யாரிடமும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மலையில் இலைக்கு இலை அது முட்டையிட்ட நுரைக்கூடு பார்த்தோம், ஆம்பூரில் ஒன்றுகூட இல்லை. அதற்கும் மழை குறைவு என்று கட்டுரையில் காரணம் எழுதினோம்.

இரண்டு இடம் என்பதால் பட்டியலில் அது வெறும் 'ஆபத்தில்' இருக்கிறது. ஒரே இடம் என்றால் 'அழிவின் விளிம்பில்'. அந்த ஆலங்காயத்து ஓடையைத் தூர்த்து ரோடு போட மனு கொடுத்திருக்கிறார்கள். அதில் நம் கட்டுரையை இணைத்து, ஆம்பூரிலும்தான் இருக்கிறதே என்கிறார்களாம்.

"ரெண்டு தவளைக்காக தோஸ்தை விட்டுக்குடுப்பியா?" என்கிறார் என் வீட்டுக்காரர் தௌசீப். விட்டுக்கொடுக்கவில்லை. அந்தக் கட்டுரையால்தான் ஜெர்மனியில் உனக்கு இடம் கிடைத்தது என்று எனக்குத் தெரியும். உன் பேராசிரியர் என்ன சொல்வாரோ, அது தெரியாது. ஆனால் தவறை வேறு யாரோ கண்டுபிடித்துச் சொல்வதைவிட நாமே சொல்வது உனக்கும் நல்லது. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

குழுவினருக்குத் திருத்தக் கடிதத்தை எழுதிவிட்டேன். சாச்சா சொன்னதைத் தேதியோடு சேர்த்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை முடிந்ததும் அனுப்புவேன். நீ சம்மதிக்காவிட்டாலும் அனுப்புவேன், அதை உன்னிடம் மறைக்க மாட்டேன்.

குளிரில் ஒழுங்காகச் சாப்பிடு. உன் கர்த்தரும் என் அல்லாஹ்வும் உனக்குத் துணை. கட்டுரையில் போட்டதுபோலவே திருத்தக் கடிதத்திலும் உன் பெயரைத்தான் மேலே போட்டிருக்கிறேன். என்னைத் தனியாகக் கையெழுத்துப் போட வைக்காதே, பொன்னு.

உன்
ஹுமேரா