‘கீப்’ என்ற சொல்லின் இருபத்தெட்டாவது சீட்டு

மறந்து எழுதினேனா, மாற்றி எழுதினேனா? இருபது வருடங்களுக்கு முன் நான் எழுதிய ஒரே ஒரு வசனத்தைப் பற்றிய கேள்வி இது. மூன்று நாட்களாக என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். எனக்குப் பதில் தெரியவில்லை. அந்தக் கேள்வியே எழவில்லை என்று இருந்துவிடவும் இனி முடியாது. உன்னுடைய பிஸ்கட் தகரம் என் மேசைமேல் இருக்கிறது.

உயிரோடு இருந்த காலத்தில் நாம் ஒருவரையொருவர் ‘நீர்’ என்றுதான் கூப்பிட்டோம். இந்த மடலில் ‘நீ’ என்று எழுதுகிறேன். இனி நீ ஆட்சேபிக்க முடியாது என்பது எனக்கு வசதியாக இருக்கிறது.

தகரத்தைக் கொண்டுவந்தது கொள்ளுப்பிட்டித் துணிக்கடைக்கார முஸ்லிம் ஒருவரின் மனைவி. அவள் சிறுமியாக இருந்தபோது நீ வீட்டுக்குப் போய் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தாயாம். கடைசி வருடங்களில் அவர்கள் வீட்டுப் பின்னறையில்தான் இருந்தாயாம். அவள் உள்ளே வந்து உட்காரவில்லை.

“டீச்சர் மௌத்தாப் போய் நாப்பது நாளாகுது, மிஸ். இத உங்கட கையிலதான் குடுக்கச் சொன்னாங்க.”

“வேறென்ன சொன்னவ?”

“ஒண்டும் சொல்லல்ல. ‘அவ வாசிப்பா’ எண்டு மட்டும்தான்.”

மூடியைத் திறந்ததும் பழைய கோந்தின் மணம் வந்தது. உள்ளே நூலால் கட்டிய சீட்டுகள், பழைய பரீட்சைத் தாள்களின் பின்பக்கத்தில் வெட்டியவை. உன்னுடைய நீல மை. எல்லாவற்றின் தலையிலும் ஒரே ஆங்கிலச் சொல்: கீப்.

அப்போது நாம் இருவரும் வெள்ளவத்தையில் ஒரு மிஷன் பெண்கள் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் படிப்பித்தோம். நான் பல்கலைக்கழகக் கல்லூரியில் படித்து லண்டன் பட்டம் வாங்கியவள். உன்னிடம் ஆசிரியப் பயிற்சிப் பத்திரம் மட்டும் இருந்தது. பிள்ளைகள் ‘பெரிய மிஸ்’ என்று சொல்லும் வெள்ளைக்கார அதிபர் ஒரு வேலை தந்தார். மாதம் ஒரு சாதாரண ஆங்கிலச் சொல்லை எடுத்து, அதன் பயன்கள் எல்லாவற்றையும் தமிழ்ப் பொருளோடும் ஓர் உதாரண வசனத்தோடும் ஒரு தாளில் அச்சடித்துப் பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டும். ‘கீப்’ ஒரு தாளில் அடங்கவில்லை. இரண்டாகப் பிரித்தோம்.

கோழி வளர்ப்பதற்கும் அந்தச் சொல்தான், கடை நடத்துவதற்கும் அதுதான். வாக்கைக் காப்பாற்றுவது, ஓய்வுநாளை அனுசரிப்பது, ஒருவரை வாசலில் காக்க வைப்பது, பால் திரையாமல் இருப்பது, நோயாளி படுக்கையில் கிடப்பது, கடிகாரம் சரியாக ஓடுவது, நாட்குறிப்பு எழுதுவது, வாயை மூடிக்கொண்டிருப்பது. தமிழில் ஒவ்வொன்றுக்கும் ஒரு வினைச்சொல் தேடினோம். நான் சலித்துப்போய், வறிய பாஷை என்றேன்.

“வறுமை இல்லையப்பா, சோம்பல்,” என்றாய். “வீட்டில ஒரு நல்ல வேலைக்காரி இருந்தா எல்லாத்துக்கும் அவளைத்தானே கூப்பிடுவினம்.”

வசனங்களுக்கு விதி வைத்தவள் நீ. புத்தகத்தில் இருந்து ஒன்றும் எடுக்கக் கூடாது. நம்மில் ஒருத்தி கண்டதாக இருக்க வேண்டும். “கண்டது மட்டும்,” என்பாய். நான் எழுதியவை உண்மையாகவும் உயிரில்லாமலும் இருந்தன. நீ எழுதியவற்றைப் பிள்ளைகள் மனப்பாடம் செய்தார்கள். ‘சமையற்காரன் எலும்பை நாய்க்கும் இறைச்சியைத் தனக்கும் வைத்துக்கொள்கிறான்’ என்று ஒன்று. தாள் கொடுத்த அன்றே விடுதிப் பிள்ளைகள் உன்னைச் சுற்றிக்கொண்டார்கள். “மிஸ், இது எங்கட கோக்கிதானே? சொல்லுங்கோ மிஸ்!” ஒவ்வொரு வசனத்துக்குப் பின்னாலும் உண்மையான ஓர் ஆள் இருப்பது அவர்களுக்குத் தெரியும். யார் என்று கண்டுபிடிப்பது மாதாந்த விளையாட்டு.

‘கீப்’பின் முதல் தாளில் நான் இருந்தேன். தன்பாட்டில் ஒதுங்கியிருப்பதற்கும் அந்தச் சொல் உண்டல்லவா? ‘மிஸ் தன்னைத் தனக்கென்றே வைத்துக்கொள்கிறார்; பங்கு கேட்டு இதுவரை ஒருவரும் வரவில்லை.’ பெயர் போடவில்லை. போடத் தேவையும் இருக்கவில்லை. ஒரு கிழமை முழுக்க நான் வகுப்புக்குள் போகும்போதெல்லாம் பின்வரிசையில் ஒரு கையாவது வாயைப் பொத்தும். நீ என்னிடம், “கோபமோ? நல்ல வசனமெல்லோ?” என்றாய். நல்ல வசனம்தான்.

ஒரு சனிக்கிழமை பிற்பகல், கடற்கரைப் பக்கத்தில் என் அறையில், இரண்டாவது தாளுக்கு வேலை செய்துகொண்டிருந்தோம். ரயில் போகும்போதெல்லாம் சீட்டுகள் பறக்காதபடி கையால் அழுத்திக்கொள்வோம். அகராதியில் ஒரு பயன் மிச்சம் இருந்தது: ஓர் ஆண், தாலி கட்டாத பெண்ணுக்கு வீடு எடுத்துக்கொடுத்து வைத்திருப்பது. “இதுக்கும் ஒரு வசனம் வேணும்,” என்றேன், தலை நிமிராமல். நீ கனநேரம் எழுதினாய். பிறகு சீட்டை என் பக்கம் தள்ளினாய்.

“கண்டது மட்டும்,” என்றாய். சிரிக்கவில்லை.

உன் தகப்பன் கப்பல் டொக்டர், கடலில் இறந்தவர் என்றுதான் பள்ளிக்கூடத்துக்குத் தெரியும். கப்பல் ஒன்றும் இல்லை என்று அன்று எனக்குச் சொன்னாய். கொழும்பிலேயே வேறொரு பகுதியில் மனைவி, மக்களோடு வாழ்ந்த ஒரு டொக்டர், கொட்டாஞ்சேனையில் ஓர் ஒடுங்கிய ஒழுங்கைக்குள் இருந்த உங்கள் வீட்டுக்கு வெள்ளிக்கிழமைகளில் வந்து போனார். அவர் இறந்த பின் நீயும் தாயும் உங்களை ஒருவருக்கும் தெரியாத கல்கிசைக்கு வந்தீர்கள். கொட்டாஞ்சேனை என்ற பெயரையே நீ பள்ளிக்கூடத்தில் வாய் திறந்து சொன்னதில்லை.

“இஞ்ச தெரிஞ்சா அண்டைக்கே என்னை அனுப்பிப்போடுவினம். பிறகு ஒரு பள்ளிக்கூடமும் எடுக்காது. அம்மாவையும் கூட்டிக்கொண்டு நான் எங்க போறது?”

“என்னட்ட இருந்து ஒருத்தருக்கும் போகாது,” என்றேன்.

சீட்டைத் திருப்பி எடுத்துக் கைப்பைக்குள் வைத்தாய். “பிள்ளையளுக்கு இருபத்தேழு பயன் போதும்.”

மூன்று கிழமை கழித்து ஆங்கிலப் பிரிவுத் தலைமையைப் பெரிய மிஸ் உனக்குத் தந்தார். பட்டம் என்னிடம் இருக்கிறது, வகுப்பு உன்னிடம் இருக்கிறது என்று எனக்குக் கேட்கும்படியாகவே சொன்னார். ஆசிரியைகள் அறைக்கு வந்து நீ எல்லோருக்கும் முன்னால், “லண்டனுக்கு ஒரு கடிதம் போடும், பட்டத்தைத் திருப்பி எடுக்கட்டும்,” என்றாய். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நீ நல்லெண்ணத்தோடுதான் சொன்னாய் என்று இப்போது எழுதினால் அழகாக இருக்கும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வென்றவளின் குரலில் சொன்னாய். உனக்கு அது நன்றாகவே பொருந்தியது.

இரண்டாவது தாளின் அச்சுப்படியைத் திருத்திக் கொடுக்கும் முறை என்னுடையது. புறக்கோட்டை அச்சகத்தில், மை பிசுபிசுத்த மேசையில் நின்றபடி வாசித்தேன். இருபத்தேழாவது வசனத்தோடு முடிந்திருந்தது. தாளின் அடியில் இரண்டு வரிக்கு இடம் இருந்தது. பென்சிலால் எழுதினேன்.

அச்சுக்கோப்பவர் எட்டிப் பார்த்தார். “கடைசியில ஒண்டு சேர்க்கிறதா, மிஸ்?”

“ஓம். விட்டுப்போன ஒண்டு.”

“பெரிய மிஸ் பார்த்தவவோ?”

“பார்த்தவ.”

அந்த வசனம் தமிழில் இப்படி வரும்: ‘வெள்ளிக்கிழமைகளில் வந்த ஒரு டொக்டர் கொட்டாஞ்சேனையில் ஒருத்தியை வைத்திருந்தார்.’

வியாழக்கிழமை தாள்கள் வந்தன. நீ ஒரு தாளை எடுத்து வாசித்துக்கொண்டே என் மேசைக்கு வந்தாய். “இருபத்தேழு எண்டெல்லோ எண்ணினனாங்கள்?”

“அகராதியில இருக்கிறதை மறைக்கேலாது,” என்றேன். படிப்பின் நேர்மையைப் பற்றி இன்னும் இரண்டொரு வார்த்தை சொன்னதாகவும் நினைவு. நீ தாளை நாலாக மடித்துக்கொண்டு போய்விட்டாய்.

வெள்ளிக்கிழமை விடுதிப் பிள்ளைகள் வீட்டுக்குப் போனார்கள். திங்கட்கிழமை காலை, கொட்டாஞ்சேனைப் பிள்ளை ஒருத்தி தண்ணீர்க் குழாயடியில் நின்று மற்றவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் தூணுக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டேன்.

“எங்கட ஒழுங்கையில அந்த வீடு இப்பவும் இருக்கு. வெள்ளிக்கிழமை டொக்டர் வீடு எண்டுதான் சொல்றது. அந்த வீட்டுப் பிள்ளை படிச்சு டீச்சராப் போனதாம்.”

“ஆரடி?”

“அம்மா பேர் சொன்னவ.” பிறகு அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். நாலைந்து வாய்கள் ஒன்றாக ‘ஐயோ’ என்றன. ஒருத்தி சிரித்தாள்.

மதியத்துக்குள் பெரிய மிஸ்ஸுக்குத் தெரிந்துவிட்டது. இருவரையும் கூப்பிட்டு, அந்தக் கடைசி வசனம் யாருடையது என்று கேட்டார். நான் சுவரில் இருந்த மன்னரின் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நீ, “என்னுடையது,” என்றாய்.

மாத முடிவில் நீ விலகிக்கொள்ள வேண்டும், நாளை மத்தியானம் தாள்களைத் திருப்பி வாங்கி எரித்துவிட வேண்டும் என்று முடிவாயிற்று. பேசும்படி ஒருவரும் என்னைக் கேட்கவில்லை.

தலைமை எனக்கு வந்தது. போர் வந்து போய், அரிசிக்குக் கூப்பன் வந்து, இப்போது வெள்ளைக்காரரே போகப்போகிறார்கள் என்று பேசிக்கொள்கிறார்கள். நான் இன்னும் அதே மேசையில்தான் இருக்கிறேன். உன்னைத் தேடி நான் வந்ததில்லை. உன் தாய் இறந்ததையும் நீ வீடு வீடாகப் போய்ப் படிப்பித்ததையும் யாரோ சொல்லக் கேட்டிருக்கிறேன். அப்போதெல்லாம் என்னிடம் ஒரு வாதம் இருந்தது. அது உன் வசனம். உன் கையால், உன் விதிப்படி எழுதியது. நான் அதை அச்சுக்குக் கொடுத்தேன், அவ்வளவுதான். என்னைக் கேலியாக்கி நீ அச்சுக்குக் கொடுக்கவில்லையா? இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கணக்குத் தீர்ந்தது என்று சொல்லிக்கொள்வேன். குற்றம் இல்லை என்று அல்ல. அளவு ஒன்று என்று.

தகரத்தில் சீட்டுகளை எண்ணினேன். இருபத்தெட்டு. கடைசிச் சீட்டில் மட்டும் கைப்பைக்குள் மடிந்த கோடு இருக்கிறது. அதில் நீ ஆங்கிலத்தில் எழுதியிருப்பது இது: ‘வெள்ளிக்கிழமைகளில் வந்த ஒரு டொக்டர் என் அம்மாவை வைத்திருந்தார், எனக்கு வாசிக்கக் கற்றுத்தந்தவர் அவர்.’

கொட்டாஞ்சேனை அதில் இல்லை. ‘ஒருத்தி’யும் இல்லை.

மனம் மறந்தால் சொற்கள் உதிரும், அதை ஒப்புக்கொள்கிறேன். வாசிக்கக் கற்றுத்தந்தவர் உதிர்ந்திருக்கலாம். அம்மா கூட ஒருத்தியாக மங்கியிருக்கலாம். ஆனால் ஓர் ஊரின் பெயர், நீ எனக்கு மட்டும் சொன்ன ஊரின் பெயர், எந்த மறதியால் வந்து உட்கார்ந்தது? புறக்கோட்டையில் பென்சிலோடு நின்ற அந்த இரண்டு நிமிடத்தைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். கை தெரிகிறது. எண்ணம் தெரியவில்லை. உன் வசனத்தை அப்படியே எழுதுகிறேன் என்றே நினைத்ததாகத்தான் நினைவு. அந்த நினைவை வேறு யாராவது என்னிடம் சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன்.

அச்சில் வந்ததை வாசித்த நிமிடத்திலேயே உனக்குத் தெரிந்திருக்கும், எது உன்னுடையது, எது என்னுடையது என்று. பெரிய மிஸ் கேட்டபோது உன் கைப்பை மடியில் இருந்தது. இந்தச் சீட்டு அதற்குள் இருந்திருக்கும். அதை எடுத்துக் காட்டியிருந்தால் உன் வேலை தப்பியிராது, என்னுடையதும் போயிருக்கும். நீ காட்டவில்லை. அதைப் பெருந்தன்மை என்று எழுதமாட்டேன். உனக்கு அந்தக் குணம் இருந்ததாக எனக்குத் தெரியாது. அந்த மனிதர் உனக்கு வாசிக்கக் கற்றுத்தந்ததை அந்த அறையில் வாசித்துக் காட்ட நீ விரும்பவில்லை என்று நினைக்கிறேன். மற்றபடி, ‘அவ வாசிப்பா’ என்று இருபது வருடம் பொறுத்திருந்தாய்.

அந்தத் திங்கட்கிழமை பள்ளிக்கூடம் விட்டு அறைக்குப் போனபோது, அடுத்த நாள் எப்படி இருக்கும் என்று யோசித்தேன். நீ வரமாட்டாய் என்று நினைத்தேன். வந்தால் எல்லோர் முன்னாலும் என்னைக் காட்டிக்கொடுப்பாய், அல்லது அழுவாய். மூன்றுக்கும் என்னிடம் பதில் ஆயத்தமாக இருந்தது.

அடுத்த நாள் நடந்தது இதுதான். முதல் மணிக்கு நீ வந்தாய், வெள்ளைச் சேலை, வழக்கமான குடை. உன் வகுப்புக்கும் என் வகுப்புக்கும் இடையில் ஒரு மரத்தட்டி மட்டும்தான். இரண்டு தாள்களையும் எடுக்கச் சொன்னாய். முதல் வசனத்தில் இருந்து ஒவ்வொரு பிள்ளையாக வாசிக்க வைத்தாய், கோழியும் கடையும் கடிகாரமும். இருபத்தெட்டாவது வந்தபோது அந்தக் கொட்டாஞ்சேனைப் பிள்ளையின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாய். அவள் இரண்டு சொல் வாசித்துவிட்டு நின்றாள்.

“ஏன் நிக்கிறீர்? வாசியும்.”

வாசித்தாள்.

“ஃப்ரைடேஸ். கடைசி எழுத்தை விழுங்கக் கூடாது. திரும்ப.”

திரும்ப வாசித்தாள். பிறகு வகுப்பு முழுவதையும் சேர்ந்து வாசிக்கச் சொன்னாய். முப்பது பிள்ளைகள் ஒரே குரலில் வாசித்தார்கள். “இன்னும் ஒருக்கா,” என்றாய். வாசித்தார்கள். உன் குரல் மற்ற வசனங்களுக்கு இருந்ததைப் போலவே இருந்தது. தட்டிக்கு இந்தப் பக்கம் என் பிள்ளைகள் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நான் மேசையில் தட்டி, “கீப் குவைட்,” என்றேன். அவர்களில் ஒருத்தியும் பேசிக்கொண்டிருக்கவில்லை.