இடப்பக்கம் சாய்ந்த மரம்

மார்ச் 4, திங்கள்

ஈப்போ வெயில் மண்டையைப் பிளக்குது. காலையிலிருந்து என் பழம்பொருள் கடைக்கு வந்தது ரெண்டே பேர். ஒருத்தர் கக்கூஸ் எங்கேன்னு கேட்டார். இன்னொருத்தி தினேஸ்வரி. தாப்பா பக்கம் எஸ்டேட்காரி, பஸ் ஏறி வந்திருக்கா. கையில் பழைய சேலைத்துணியில் சுற்றிய ஒரு கண்ணாடிப் பூஜாடி.

வாங்கிப் பிரித்தேன். ஜாடி மேல் ஓவியம்: பனி மூடிய ஏரி, கரையில் இடப்பக்கம் சாய்ந்த ஒற்றை மரம். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். அச்சு என்றால் புள்ளி புள்ளியாகத் தெரியும். இதில் தூரிகை இழுத்த கோடு. அடியில், கையால் ஊதிச் செய்ததற்கு அடையாளமாக, பிடிகம்பியிலிருந்து உடைத்தெடுத்த தழும்பு. மரத்தடியில் எறும்பு அளவில் ஓவியன் கையெழுத்து. நூறு வருஷச் சரக்கு. சாயம் சூளையில் சுட்டதில்லை, மேலே பூசினது, அழுத்தித் தேய்த்தாலே உரியும். அதனால்தான் இந்த மாதிரி ஜாடி அதிகம் மிச்சமில்லை. பன்னிரண்டாயிரம் மலேசிய வெள்ளிக்குக் குறையாது.

அவளிடம் சொன்னது: "பசார் மாலாம் சாமான் லா இது, ராத்திரிச் சந்தையில விக்கிறது. அச்சுப் படம். அழுக்கு வேற, பிசுபிசுன்னு. யாரு வாங்குவா? நாப்பது வெள்ளி."

அவள் முகம் சுருங்கிப்போச்சு. "அம்மா தொர பங்களாவுல வேலை பார்த்தாங்கண்ணே. தொரசானி ஊருக்குப் போறப்ப குடுத்தது. மாசக் கடைசிக்குள்ள எஸ்டேட் லயத்து வீட்டக் காலி பண்ணச் சொல்லிட்டாங்க. தாப்பாவுல வாடகை வீட்டுக்கு முன்பணமே மூவாயிரம்..."

அம்மாவைக் கேட்டு வாரேன்னு ஜாடியைத் திரும்பக் கட்டிக்கொண்டு போனாள். போகட்டும். வேற போக்கிடம் இல்லை, வருவாள்.

மார்ச் 6, புதன்

வரலை. லகாட் ரோட்டுப் பழைய சாமான் கடைக்காரனிடம் போயிருப்பாளோ? அந்த முண்டத்துக்குக் கண்ணாடிக்கும் பிளாஸ்டிக்குக்கும் வித்தியாசம் தெரியாது. பயமில்லை.

மார்ச் 9, சனி

வந்தாள். சிரிச்சுக்கிட்டே வந்தாள்.

ஐயோ. ஜாடி தண்ணீர் மாதிரி தெளிவா இருந்துச்சு. ஏரி இல்லை, மரம் இல்லை, கையெழுத்து இல்லை.

"நீங்க அழுக்குன்னு சொன்னது அம்மாவுக்குப் பொறுக்கலண்ணே. தொரசானிகிட்டயே ஒரு நாள் அழுக்குன்னு பேரு வாங்குனதில்லன்னு அழுதுட்டாங்க. நேத்து வெள்ளிக்கிழமை, குத்துவிளக்கோட சேத்துப் புளியும் சாம்பலும் போட்டு, தேங்கா நாருல தேச்சிட்டாங்க. அச்சுப் படந்தானே, போனா போவட்டும்னு."

அச்சுப் படந்தானே! என் வாயில கொள்ளி வைக்க.

ஆத்திரத்தை யார் மேல காட்டுறது? "படம் போச்சே, இருபதுதான் லா" என்றேன். ஜாடியை வைத்துவிட்டுப் பணத்தை வாங்கிக்கொண்டாள். படியிறங்கும்போது திரும்பினாள்.

"இதுக்கு ஜோடி ஒண்ணு வீட்டுல இருக்குண்ணே. மரம் அந்தப் பக்கம் சாஞ்சிருக்கும். சாமி மேடையில அம்மா ஊதுபத்தி செருகி வெச்சிருக்காங்க. வேணுமா?"

"வேணும். நானே வந்து பார்க்கிறேன்." அவ்வளவுதான் சொன்னேன்.

மார்ச் 10, ஞாயிறு

கழுவாதேன்னு ஒரு வார்த்தை போதும். அவள் நம்பர் கையிலேயே இருக்கு. சொன்னால் ஏன்னு கேட்பாள். ஏன்னு சொன்னா முதல் ஜாடிக்கு யார் பதில் சொல்றது? விளக்குத் தேய்ப்பது வெள்ளிக்கிழமைதானே. வியாழக்கிழமை போனால் போதும்.

மார்ச் 14, வியாழன்

போனேன். பாதி லயம் இடிந்து கிடக்கு. குழாயடியில் தினேஸ்வரியோட அம்மா கருப்பம்மாள் குந்தியிருந்தாங்க, முழங்கை வரை சாம்பல்.

"நீங்க வாரீங்கன்னு மக சொல்லுச்சு தம்பி. அழுக்கோட எப்படிக் குடுக்கிறது? வெள்ளிக்கிழமை வரைக்கும் காத்திருக்கல."

ஜாடியை வெயிலில் தூக்கிக் காட்டினாங்க. கையெழுத்தும், வலப்பக்கம் சாய்ந்த மரத்தின் நுனியும் மட்டும் இன்னும் ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. நான் உற்றுப் பார்ப்பதைப் பார்த்து வெட்கப்பட்டாங்க. "அந்தா, இன்னும் கொஞ்சம் இருக்கு" என்று மறுபடி நாரை எடுத்தாங்க. வேண்டாம்னா ஏன்னு கேட்பாங்க. பர்ஸை எடுத்தேன்.

"இப்ப சுத்தமா இருக்கா தம்பி?"

"இருக்கும்மா."

இருபது வெள்ளி.

மார்ச் 31, ஞாயிறு

ரெண்டு ஜாடியும் கடை வாசலில் நிற்குது. விலை கேட்க ஆள் இல்லை. பெருக்கும்போது முதுகைத் திருப்பிக்கொள்கிறேன்.

சாயங்காலம் தினேஸ்வரியிடமிருந்து வாட்ஸ்அப். "சுகு அண்ணே, வீடு கிடைக்கல. இப்ப கோயில் மண்டபத்துல இருக்கோம். கடையில கழுவுற தொடைக்கிற வேலை இருந்தா சொல்லுங்க. அம்மா சுத்தமா செய்வாங்க."