அம்மாவை அழிக்கும் வேலை

மார்ச் 3, திங்கள்

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

கல்லூரி விளம்பரப் படத்தில் எனக்குக் கிடைத்தது விஷுவல் எஃபெக்ட்ஸ். காட்சி இதுதான்: நூலகத்தில் படித்துக்கொண்டிருக்கும் பெண் நாற்காலியிலிருந்து மெல்ல எழும்பி, காற்றிலேயே மிதந்து, மேல்தட்டுப் புத்தகத்தை எடுக்கிறாள். ‘எங்கள் மாணவர்கள் தாமாகவே பறப்பார்கள்’ என்று வாசகம் வேறு. பறக்கப்போகிறவள் என் தோழி குருவி. உடம்பில் எடையே கிடையாது, அதனால்தான் அந்தப் பட்டப்பெயர். கயிறு கட்டித் தூக்கக் கல்லூரியில் அனுமதிக்கவில்லை. விழுந்தால் யார் பதில் சொல்வது?

வகுப்புப் பையன்கள் இருவர் பச்சை உடை மாட்டிக்கொண்டு தூக்கிப் பார்த்தார்கள். பச்சையாக இருப்பதையெல்லாம் பிறகு கம்ப்யூட்டரில் எடுத்துவிடலாம், சிரிப்பை எடுக்க முடியாதே. சிரித்த சிரிப்பில் குருவியை மேசைமேல் போட்டுவிட்டார்கள். அவளுக்கு முழங்கையில் சிராய்ப்பு.

அப்போதுதான் உளறினேன். எங்கம்மா ஆஸ்பத்திரி வார்டில் நாள் முழுக்கக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு ஆளைத் தூக்கி வைக்கிறவள் என்று. எஃபெக்ட்ஸ் பாடம் எடுக்கிற சார் காதில் விழுந்தது. சனிக்கிழமை கூட்டி வரச் சொல்லிவிட்டார்.

மார்ச் 5, புதன்

அம்மா உடனே சரியென்று சொல்லிவிட்டாள். ‘படத்துலயா? நானா?’ என்று இரண்டு தடவை கேட்டாள். நான் கிளம்புகிற அவசரத்தில் ‘ஆமா ஆமா’ என்றேன்.

மார்ச் 8, சனி

பச்சை உடை உச்சி முதல் பாதம் வரை. கண்ணுக்கு மட்டும் இரண்டு ஓட்டை. பையன்களுக்குத் தைத்தது அம்மாவுக்குப் பத்தவில்லை. பக்கவாட்டில் பிரித்து, பச்சைத் துணி ஒட்டுப்போட்டோம். எப்படி இருக்கேன் என்றாள். குடமிளகாய் மாதிரி என்றேன். கோபப்படுவாள் என்று பார்த்தால், ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டினாள்.

வேலை என்று வந்ததும் ஆளே மாறிவிட்டாள். குருவியின் பின்னால் போய் நின்று, ‘என்னைப் பிடிக்காதே. மூச்சை விடு. நான் இருக்கேன்’ என்றாள். அவ்வளவுதான். குருவி ஒரு ஆட்டம் இல்லாமல், நாற்காலிக்கே தெரியாமல் மேலே போனாள். சார் ‘கட்’ சொல்லவே மறந்துவிட்டார். அம்மா அசையாமல் தாங்கிக்கொண்டே, ‘முடிஞ்சுதா தம்பி?’ என்று சாரைக் கேட்டாள். வகுப்பே சிரித்தது.

உங்கம்மா தூக்கினா தூக்கம் வருதுடி என்கிறாள் குருவி.

மார்ச் 11, செவ்வாய்

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது.

சாப்பிட உட்கார்ந்தபோது அம்மா குரலைத் தாழ்த்திக் கேட்டாள்: ‘என்னை என்னவா மாத்தப்போறே?’

எனக்குப் புரியவில்லை. வார்டு டிவியில் பார்த்திருக்கிறாளாம். பச்சை உடையில் ஓர் ஆள் குதிக்கிறான், அடுத்த நொடி அவனே பெரிய கரடி. அதனால் அம்மாவும் ஏதோவாக மாறப்போகிறாள் என்பது அவள் முடிவு. தேவதையா, பறவையா, எதுவானாலும் சரி. ‘சொல்லாதே, காலேஜ்ல படம் போடற அன்னிக்கே பாத்துக்கறேன். எங்க வார்டே வருது’ என்று அவளே என் வாயையும் அடைத்துவிட்டாள். ஏற்கெனவே நர்ஸ்கள், ஆயாக்கள், லிஃப்ட்காரர் என்று எல்லாரிடமும் தம்பட்டம் அடித்தாகிவிட்டது. அன்றைக்குப் போட்டுக்கொள்ள நீலத்தில் ஒரு புது உடுப்பும் வாங்கி வைத்திருக்கிறாள்.

அவள் எதுவாகவும் மாறப்போவதில்லை. அங்கே ஆளே இல்லை என்று ஆக்குவதுதான் என் வேலை. சாதத்தை மென்று, அதோடு அந்தப் பேச்சையும் முழுங்கினேன்.

மார்ச் 12, புதன்

சொல்லவில்லை.

மார்ச் 14, வெள்ளி

அம்மாவை மேகமாக மாற்றிப் பார்த்தேன். கைகள் இருக்கிற வெள்ளை மேகம், குருவியை ஏந்திக்கொண்டு எழும்புகிறது. அழகாகத்தான் வந்தது. சாரிடம் காட்டினேன். திட்டவில்லை, பாவம். நிதானமாகப் பார்த்துவிட்டு, ‘நல்லாருக்கும்மா. ஆனா அவ தானா பறக்கணும்’ என்றார்.

எனக்கு எங்கிருந்தோ ஆத்திரம் வந்தது. ‘தானா பறக்கலையே சார். எங்கம்மா இல்ல தூக்கினாங்க?’

‘அது தெரியாமப் பண்றதுதானேம்மா நம்ம வேலை?’

மேகத்தை அழித்தேன். மனுஷன் சொன்னது சரி. அதனால் இன்னும் எரிச்சல்.

மார்ச் 17, திங்கள்

ஃபிரேம் ஃபிரேமாக அம்மாவை எடுத்துக்கொண்டிருக்கிறேன். காலையில் தலை. மத்தியானத்துக்குள் தோளும் முதுகும். பெற்ற தாயை இப்படித் துண்டுதுண்டாக எடுக்கிறவள் உலகத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். அவள் மறைத்த இடத்தில் புத்தக அலமாரியை வைத்து நிரப்ப வேண்டும். குருவியின் வெள்ளைச் சட்டையில் படிந்த பச்சைச் சாயலைக் கழுவ வேண்டும்.

கண் ஓட்டைகளைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அம்மா கேமராவை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. தூக்கியதிலிருந்து இறக்குவது வரைக்கும் பக்கவாட்டில் தலையைச் சாய்த்து குருவியின் முகத்தையேதான் பார்க்கிறாள். வலிக்கிறதா, பயப்படுகிறாளா என்று. இத்தனை வருஷத்தில் அம்மா வேலை செய்து நான் பார்த்ததே இல்லை. பார்க்கக் கிடைத்ததை நானே எடுத்துக்கொண்டிருக்கிறேன். அழுகையாக வந்தது. கொஞ்சம் அழுதேன். பிறகு கண்ணையும் எடுத்தேன்.

மார்ச் 19, புதன்

தெரிந்துவிட்டது. நான் சொல்லவில்லை — அதுதான் அசிங்கம்.

சாயங்காலம் டீ கொண்டுவந்தவள் என் பின்னால் நின்றிருக்கிறாள். திரையில் குருவி எழும்புகிறாள். கீழே ஒன்றுமில்லை. காலி. டம்ளர் மேசையில் உட்கார்ந்த சத்தம் கேட்டுத்தான் திரும்பினேன்.

‘நான் எங்கே?’

‘அம்மா… அது அப்படித்தான்மா. உன்னை எடுத்துடணும். யாரும் தூக்கின மாதிரியே தெரியக்கூடாது.’

திரையில் குருவியின் இடுப்பருகே விரலை வைத்தாள்.

‘கையையுமா?’

ஆமாம்மா என்றேன். டீயைக் குடி, ஆறிடும் என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

ஏன் முதல் நாளே சொல்லல நான்? சொன்னா என்ன, வர மாட்டேன்னா சொல்லியிருப்பா? இப்ப வார்டே சேர்ந்து வந்து உக்காந்து தேடுமே. இவ மூஞ்சியை எங்க வச்சுப்பா?

மார்ச் 20, வியாழன்

அம்மா பேசுகிறாள். ‘சாப்பிட்டியா’, ‘கதவைச் சாத்து’. அதற்கு மேல் இல்லை. கொடியில் தொங்கிய நீல உடுப்பு அலமாரிக்குள் போய்விட்டது. அவளோடு வேலை செய்கிறவர்களை வர வேண்டாமென்று சொல்லிவிடலாமே, நான் வேண்டுமானால் பேசுகிறேன் என்றேன். ‘உன் வேலையைப் பாரு’ என்றாள்.

அப்பா என்னிடம் ரகசியமாகக் கேட்டார், நிஜமாவே ஒரு ஓரத்துலகூட இல்லையா என்று. இல்லை என்றேன். அவரும் எழுந்து போய்விட்டார்.

மார்ச் 22, சனி

இன்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். காட்டு என்றாள். காட்டினேன். இன்னொரு தடவை என்றாள். அப்புறம் சொன்னாள்:

‘முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கறதுன்னு சும்மா பேச்சுக்குத்தான் சொல்வாங்க. நீ நிஜமாவே மறைச்சுட்டியேடி.’

நான் சிரிப்பதா அழுவதா தெரியாமல் இரண்டையும் செய்தேன். என் தலையில் ஒரு குட்டு வைத்தாள். வலித்தது, சந்தோஷமாக இருந்தது.

அதோடு விட்டாளா? நான் எப்படி எடுத்தேன் என்று ஒவ்வொன்றாகக் காட்டச் சொன்னாள். பழைய காட்சி, புதுக் காட்சி, மறுபடி பழையது. அப்புறம் குற்றம் கண்டுபிடிக்க ஆரம்பித்தாள். அலமாரியின் ஓரத்தில் பச்சையாக ஒரு புள்ளி. அவள் முழங்கையாம். அதை எடுத்தேன். பிறகு குருவியின் இடுப்பைக் காட்டினாள். கைகள் போய்விட்டன, ஆனால் சட்டை அமுங்கிய இடம் அப்படியே இருந்தது. ஒவ்வொரு விரலும் பதிந்த பள்ளம்.

அது எனக்கும் தெரியும். வேண்டுமென்றேதான் விட்டிருந்தேன். யாருக்கும் தெரியாதும்மா, அது மட்டும் இருக்கட்டும் என்றேன்.

‘எதுக்கு?’

‘எனக்காக.’

‘எடுக்கறதுன்னு ஆனப்புறம் என்ன அரைகுறை? உங்க சார் பாத்தா என்ன சொல்வாரு? நிரவு அதை’ என்றாள். நிரவினேன். ஒவ்வொரு ஃபிரேமாகச் சட்டையை வரைந்து முடிக்கும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

மார்ச் 25, செவ்வாய்

படத்தைக் கொடுத்துவிட்டேன். சார் இடுப்பருகே பெரிதாக்கிப் பார்த்தார். சுத்தமா இருக்கே என்றார்.

மார்ச் 29, சனி

புதிதாகச் சேர வருகிறவர்களுக்குக் கல்லூரியைச் சுற்றிக் காட்டும் நாள். கூடத்தில் படம் முடிய முடியத் திரும்பத் திரும்ப ஓடிக்கொண்டிருந்தது. அம்மா நீல உடுப்பில் வந்தாள். பின்னாலேயே வார்டு. ஒரு வரிசை முழுக்க உட்கார்ந்துகொண்டார்கள். அம்மா யாரிடமும் எதுவும் சொல்லவில்லை என்பது அவர்கள் உட்கார்ந்த தோரணையிலேயே தெரிந்தது. அவர்களுக்குப் பின்வரிசையில், தூணோரமாக உட்கார்ந்தேன்.

முதல் தடவை ஓடி முடிந்தது. பெரிய நர்ஸ்தான் தயங்கித் தயங்கி, ‘அக்கா, நீங்க வரலையே?’ என்றார்.

‘வந்தேனே. மறுபடி போடுவாங்க, பாருங்க.’

மறுபடி நூலகம் வந்தது. அம்மா திரையை நோக்கிக் கையை நீட்டினாள். ‘இதோ, இப்ப அவ பின்னாடி நிக்கறேன் சிஸ்டர். தெரியறேனா?’

‘இல்லையே.’

‘இப்பத் தூக்கறேன். ரெண்டு கையும் இடுப்புல. தெரியுதா?’

‘இல்லக்கா.’

‘இப்ப ஒரு எட்டு முன்னால வைக்கறேன். நல்லாப் பாருங்க.’

லிஃப்ட்காரர் எழுந்தே நின்றுவிட்டார். ஒவ்வொரு ‘இல்லை’க்கும் அம்மாவின் முதுகு இன்னும் கொஞ்சம் நிமிர்ந்தது. படம் முடிந்தபோது, ‘ஒரு விரல்கூடத் தெரியலியேக்கா’ என்றார் பெரிய நர்ஸ், ஏமாந்து அல்ல, அசந்துபோய்.

அம்மா திரும்பி, ஆபரேஷன் செய்த டாக்டரைக் காட்டுவதுபோல் என்னைக் காட்டினாள். ‘அதோ, தூணுக்குப் பின்னாடி ஒளிஞ்சிருக்கா பாருங்க. என் பொண்ணு. அவதான் என்னை எடுத்தா.’

வரிசை மொத்தமும் திரும்பி என்னைப் பார்த்தது. அதற்குள் மூன்றாவது தடவை படம் ஆரம்பித்துவிட்டது. எல்லோரும் அவசரமாகத் திரைப் பக்கம் திரும்பி, அம்மா இல்லாத இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். குருவியை ஒருத்தரும் பார்க்கவில்லை.