முப்பத்தேழாம் எண்

ஜெயங்கொண்டம்,
20-7-2025

அன்புள்ள அம்மாவுக்கு,

ஜெனிதா எழுதுவது. விடுதிக் கடிதங்களை வார்டன் சிஸ்டர் படித்துத்தான் அனுப்புவார்கள். அதனால் விளக்கணைத்த பிறகு குளியலறை வெளிச்சத்தில் இதை எழுதுகிறேன். வீட்டிலிருந்து வந்து படிக்கும் ஹேமலதா தபாலில் போடுவாள். பதிலையும் அவள் வீட்டு முகவரிக்கே அனுப்புங்கள். மாட்டினால் என்னை விடுதியைவிட்டே துரத்திவிடுவார்கள்.

நேற்று உங்கள் பிஎச்.டி. ஆய்வுக்காக வந்தீர்கள். ரத்தசோகை உள்ள அறுபது பேரை உட்காரவைத்து, ஒவ்வொருத்தியாகக் கண்ணிமையைத் திருப்பிப் பார்த்தீர்கள். "சாப்பிட்டியாடா? தல சுத்துதா?" என்று கேட்டீர்கள். நான் ஜன்னலுக்கு வெளியே நின்றேன். என்னோடு பேசியது ஐந்து நிமிடம். அதிலும் இரண்டு தடவை கைக்கடிகாரத்தைப் பார்த்தீர்கள்.

ஆய்வு செய்பவரின் மகளை அதில் சேர்க்கக் கூடாது என்பது விதி. தெரியும். ஆனால் பக்கத்துக் கட்டில் வெற்றிச்செல்வி என்ன சொன்னாள் தெரியுமா? "ஒங்கம்மா கை பஞ்சு மாதிரி இருக்குடி. எங்கம்மா தொட்டா அது அடியாத்தான் இருக்கும்." எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

உங்கள்
ஜெனி


பெரம்பலூர்,
13-8-2025

என் ஜெனிக்குட்டிக்கு,

நலம்தானே? இருமல் விட்டதா? நீ குறைபட்டுக்கொண்டதைப் படித்தேன். இன்னும் கொஞ்ச நாள் பொறுத்துக்கொள். எம்.எஸ்சி. நர்சிங் முடித்து, கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டே நுழைவுத் தேர்வு எழுதி, நேர்காணலில் ஒருமுறை தோற்று, மறுமுறைதான் இதில் சேர்ந்தேன். கேட்ட இரண்டு கட்டுரைகளும் வெளியாகிவிட்டன. இனி ஆய்வுச் சுருக்கம், ஆய்வேடு, வாய்மொழித் தேர்வு. ஜனவரிக்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் என் பதிவு காலாவதியாகிவிடும்.

ஒரு நல்ல செய்தி. இரும்புச்சத்து மாத்திரை கொடுப்பவரே ரத்தம் சோதிக்கக் கூடாது என்பதால் சனிக்கிழமை நான் பக்கத்து அறையில் இருந்தேன். டெக்னீஷியன் புதியவர். எண் அட்டையை மட்டும் பார்த்து விரலில் ரத்தம் எடுத்தார். முப்பத்தேழாம் எண், உன் வெற்றிச்செல்விதான், ஜூனில் ஹீமோகுளோபின் ஒன்பது. இப்போது பன்னிரண்டைத் தாண்டிவிட்டாள்! கைடு மேடம்கூட, "இந்தப் பொண்ண வெச்சே தனியா ஒரு பேப்பர் எழுதலாம் போலருக்கே" என்றார். அவளுக்கு மாத்திரையை நிறுத்தச் சொல்லிவிட்டேன். என் சார்பாக அவளுக்கு ஒரு முத்தம் கொடு.

அன்புடன்
அம்மா


ஜெயங்கொண்டம்,
25-8-2025

அம்மா,

அவசரமாக எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் திட்டாதீர்கள்.

இன்று காலை பிரேயரில் வெற்றிச்செல்வி மயங்கி விழுந்தாள். உதடு வெள்ளைச் சுண்ணாம்பு மாதிரி இருந்தது. சிஸ்டர் அவளுக்கு குளுக்கோஸ் கரைத்துக் கொடுத்துப் படுக்கவைத்திருக்கிறார். ரத்தம் நன்றாக இருக்கிறது என்று நீங்கள் எழுதிக் கொடுத்ததால் யாரும் பயப்படவில்லை.

அந்த ரத்தம் அவளுடையது இல்லை. என்னுடையது.

மாத்திரை குமட்டுகிறது என்று அவள் ஆரம்பத்திலிருந்தே ஜன்னல் வழியாக எறிந்துவிடுகிறாள். சோதனையில் தெரிந்துவிடும் என்று அன்று அழுதாள். "அட்டையக் குடு, நான் போறேன்" என்றேன். அவளுக்காக மட்டும் போகவில்லை. உங்கள் நோட்டில் நானும் ஒரு வரியாக இருக்க வேண்டும் என்றுதான் போனேன். தயவுசெய்து சீக்கிரம் வாங்க. சிஸ்டரிடம் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. ஹேமலதாவின் அப்பா வேலைக்குப் பெரம்பலூர்தான் வருகிறார். சாயங்காலம் இதை அவளிடம் கொடுத்தனுப்புகிறேன்; அவரே நாளைக் காலை உங்கள் கையில் தருவார்.

(இரண்டாம் பக்கம்)

இதைச் சொல்லாமல் இருந்தாலும் தூக்கம் வராது. உங்கள் கடிதத்தில் அவள் பெயரைப் பார்த்ததும் வயிறு எரிந்தது. அந்த முத்தத்தை நான் கொடுக்கவில்லை. இப்போது அவள் இப்படிக் கிடக்கும்போதும், நீங்கள் வந்தால் நேராக அவள் கட்டிலுக்குத்தானே போவீர்கள் என்று தோன்றுகிறது. நான் கெட்டவளா அம்மா?

ஜெனி


பெரம்பலூர்,
3-9-2025

ஜெனிக்கு,

வெற்றிச்செல்வி பிழைத்துக்கொண்டாள். அரியலூர் ஆஸ்பத்திரியில் இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்றினோம். அன்று நான் அவள் கட்டிலுக்குத்தான் நேராகப் போனேன். ரத்தம் ஏறி முடியும்வரை அவள் கையை விடவில்லை. உனக்கு வலிக்கும் என்று தெரிந்தும் சொல்கிறேன்.

உன் மேல் எனக்குக் கோபம் இருக்கிறது. ஒரு பிள்ளையின் உயிரோடு விளையாடியிருக்கிறாய். அவள் கண்ணைக்கூடப் பார்க்காமல் எண்ணை மட்டும் நம்பி மாத்திரையை நிறுத்திய நர்ஸ் மேல் அதைவிடக் கோபம்.

அவளைச் சேர்த்த பிறகு, உன் கடிதத்தை ஒரு நாள் முழுக்கக் கைப்பையிலேயே வைத்திருந்தேன். கிழித்துப் போட்டால் யாருக்கும் தெரியாது. ஜனவரியில் ஆய்வேட்டைக் கொடுத்துவிடலாம். மறுநாள் கைடு மேடத்திடம் சொன்னேன். அவர் ஆய்வு நோட்டை மூடி வைத்தார். பிறகு, "பாத்திமா, எத்திக்ஸ் கமிட்டிக்கு எழுத்துல வேணும்" என்றார். முதல் பக்கத்தைக் கொடுத்தேன். இரண்டாம் பக்கம் என்னிடமே இருக்கிறது. அது அவர்களுக்கு எழுதியது இல்லை.

அறுபது பேருக்கும் மறுபடி சோதனை செய்ய வேண்டும். அதை வேறொருவர்தான் செய்வார். கால நீட்டிப்புக்கு விண்ணப்பித்திருக்கிறேன். கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம்.

ஆஸ்பத்திரியில் வெற்றிச்செல்வியின் அம்மா என்னிடம், "ஒங்க பொண்ணும் அங்கதானே படிக்குது? எப்படி இருக்கு டீச்சர்?" என்று கேட்டாள். முந்திரிக்காட்டு வேலையிலிருந்து அப்படியே ஓடி வந்தவள். "நல்லாருக்கா" என்றேன். அதற்கு மேல் சொல்ல எனக்கு எதுவும் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பார்வையாளர் நேரத்துக்கு வருகிறேன். சிஸ்டரிடம் நாம் இரண்டு பேரும் சேர்ந்து சொல்லலாம். பிறகு மரத்தடியில் உட்காருவோம். உனக்குப் பேசப் பிடிக்காவிட்டால் பேச வேண்டாம். மணி அடிக்கும்வரை நான் எழுந்திருக்க மாட்டேன்.

அம்மா