வயிறு குலுங்கும் காட்சி

7 நவம்பர் 2025, பாலோ

ரூபேந்திரன் வந்தான். என் வீட்டுக்காரருடைய தங்கை மகன். போன வருஷம் செம்பனைத் தோட்டத்தில் சொந்தக் காசு போட்டுப் பேய்ப்படம் எடுத்தானே, அது முடிந்துவிட்டதாம். பென்டிரைவை மேசையில் வைத்து, "பாருங்க அத்தை. மாமாதான் முதல்ல சாவுறாரு" என்றான். சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான். பாவம்.

நான் பார்க்க மாட்டேன். தைப்பூசம் முடிந்து ஆஸ்பத்திரியில் அவர் போனதைப் பார்த்தது போதாதா?

10 நவம்பர்

பார்க்கவில்லை.

11 நவம்பர்

ஐஸ்பெட்டியில் அந்த ரோஸ் சிரப் போத்தல் பாதி இருக்கிறது. படத்துக்கு ரத்தம் கலக்கியது நான்தான். சிரப், மரவள்ளி மாவு, கறுக்க வைக்கக் கொஞ்சம் சோயா கிச்சாப். அவர் நடித்த அன்று சாயங்காலம் உடம்பெல்லாம் எறும்புக் கடியோடு வந்தார். "ஏன்டி, கல்யாணத்துக்கா தண்ணி கலக்குன? இவ்ளோ இனிப்பு!" என்று சிரித்தார். அவர் போன பிறகு அந்தப் போத்தலை நான் தொடவில்லை. தூக்கிப் போடவும் மனசில்லை.

15 நவம்பர்

ரூபேந்திரன் போன் செய்தான். அடுத்த சனிக்கிழமை மண்டபத்தில் படம் போடுகிறானாம். மாமா சாகும் காட்சியில் பாதியை வெட்டப்போகிறானாம். "செத்தப்புறம் வயிறு ஆடுது அத்தை. படத்துக்கு அதுதான் வீக்னெஸ். எல்லாரும் சிரிப்பாங்க."

வயிறு ஆடுதா?

16 நவம்பர்

பார்த்துவிட்டேன். பகலில், சன்னலையெல்லாம் திறந்து வைத்துக்கொண்டு.

கதைக்குத் தலையும் இல்லை, வாலும் இல்லை. பேய் கைக்கடிகாரம் கட்டியிருக்கிறது. குடல் என்று காட்டுவது கோழிக்குடல் — எனக்குத் தெரியாதா? ரத்தம் ரொம்பச் சிவப்பு. கிச்சாப் பத்தவில்லை. ஆனால் மழைக்கு முன்னால் செம்பனை வரிசைக்குள் இருட்டிக்கொண்டு வருவதைக் காட்டுகிறான். ஆளும் இல்லை, சத்தமும் இல்லை. பிள்ளைக்குக் கண் இருக்கிறது.

அப்புறம் அவர். கழுத்தறுபட்டுக் கிடக்கிறார். நிறுத்திவிடலாமா என்று கையை நீட்டினேன். அப்போது காதுப் பக்கம் ஒரு எறும்பு ஏறுது. உதடு துடிக்குது. வயிறு குலுங்குது. சிரிப்ப அடக்குறாரு!

ஆஸ்பத்திரியில அந்த வயித்தையேதான பாத்துக்கிட்டு நின்னேன். ஆடுமா, ஒரு தடவ ஆடுமான்னு —

இங்க ஆடுது.

ரூபேந்திரனைக் கூப்பிட்டேன். "வெட்டாதேப்பா."

"படம் கெட்டுப்போயிடும் லா, அத்தை. ரெண்டு வருஷ உழைப்பு."

"தெரியும்பா. இருந்தாலும் வெட்டாத."

போனை வைத்துவிட்டான்.

22 நவம்பர்

மண்டபம் நிறைய ஆட்கள். வெட்டியிருப்பானோ என்று சேலைத் தலைப்பைக் கையில் சுருட்டிக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

வெட்டவில்லை. பின்னாலிருந்து எவனோ, "அலமாக், பொணம் சிரிக்குதுடா!" என்று கத்தினான். மண்டபமே சிரித்தது. நானும்தான். ரூபேந்திரன் ஓரமாக நின்று படத்தைப் பார்க்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

23 நவம்பர்

சிரப் போத்தலைத் திறந்தேன். ஒரு கிளாஸ் கலக்கி, அவர் படத்துக்கு முன்னால் வைத்தேன். இனிப்புத் தூக்கலாகத்தான்.

சாயங்காலம் எறும்பு வரிசை. துடைக்கத் துணியை எடுத்தேன். பிறகு வைத்துவிட்டேன்.